மான் குடித்த பிறகே சோறு

மூன்று வருஷமாக மான் சுனைக்கு வரவில்லை. காரணம் ஒரு ரோடு. அந்த ரோட்டைப் போட்டவர் பூதலிங்கம்.

அவரே இப்போது மடத்தில் சீடர். வயது அறுபத்தொன்று. குரு வடிவம்மைக்கு நாற்பத்தாறு. வயதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. அவர் 'அம்மா' என்பார். அவள் 'இஞ்சினியரே' என்பாள்.

மடம் மேற்கு மலையின் அடியில் இருக்கிறது. பின்னால் ஒரு சுனை. சுனைக்கும் மலைக்கும் நடுவே புல்வெளி, பார்வை முடிகிற மட்டும். பங்குனியில் மலைமேல் ஓடை வற்றினால் புள்ளிமான் கூட்டம் கீழே இறங்கும். புல்வெளியில் தங்கி மேயும். குட்டி போடும். அந்தியில் சுனைக்கு வந்து தண்ணீர் குடிக்கும். ஆனி மழை விழுந்ததும் மேலே ஏறிவிடும்.

மடத்தில் ஒரு வழக்கம். அந்த மூன்று மாதமும் மான் குடித்த பிறகுதான் மனுஷனுக்கு அந்திச் சோறு. மான் குடிக்காத அன்றைக்குச் சோறு இல்லை. யார் வைத்த வழக்கம், யாருக்கும் தெரியாது. மான் வராத நாள் என்று ஒன்று அப்போதெல்லாம் கிடையாது. அதனால் ஒருவருக்கும் அது பாரமாக இருந்ததில்லை.

பிறகு காத்தாடிகள் வந்தன. இருபத்திரண்டு. காற்றில் மின்சாரம் எடுக்கும் கம்பெனிக்கு அப்போது பூதலிங்கம்தான் பெரிய இஞ்சினியர். காத்தாடிகளுக்குப் போக ஏற்கெனவே ஒரு வண்டிப்பாதை இருந்தது. மடத்து வாசல் வழியாகச் சுற்றிப் போகும், ஆறு கிலோமீட்டர். பூதலிங்கம் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் புல்வெளிக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். இரண்டு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் மிச்சம் என்று கம்பெனி அவருக்குச் சால்வை போட்டது.

காற்று அடிக்கிற மாதத்தில் காத்தாடியைத் தொடமாட்டார்கள். பழுது பார்ப்பதெல்லாம் காற்று இல்லாத மாதத்தில். அது பங்குனி, சித்திரை, வைகாசி. விடிய ஆறு மணிக்கு ஒரு ஷிப்ட் மாறும், அந்தி ஆறு மணிக்கு ஒரு ஷிப்ட். மான் மேய்கிற மாதமும் அதுதான், நேரமும் அதுதான். வரைபடத்தில் மாதம் போட இடம் இல்லை.

மான்கள் வடக்கே கல்குவாரிப் பள்ளத்துக்குப் போயின. அங்கே தண்ணீர் உண்டு. நாய்களும் உண்டு. போன கோடையில் மட்டும் பதினொரு மான் செத்தது. சேதி வந்த அன்றுதான் பூதலிங்கம் பெட்டியோடு மடத்துக்கு வந்தார். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்த வருஷம் பங்குனி முதல் தேதி. வடிவம்மை சுனையோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருட்டும்வரை பார்த்தாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது வருஷமாக அப்படி. தோள் எலும்பு சேலைக்கு வெளியே தெரிந்தது.

மறுநாள் பூதலிங்கம் போய் நின்றார்.

"வழக்கத்தை மாத்திரலாமேம்மா. நீங்க கிடந்து வாடுறீங்க."

"மான் மாத்தலை. ரோடு போட்டவரு மாத்தச் சொல்லுதாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"உமக்கு என்ன தெரியும்?"

"ரோடு போடத் தெரியும்."

"வேற?"

யோசித்துப் பார்த்தார். வேறொன்றும் தெரியாது.

"அப்ப உம்ம பாடு," என்றாள்.

பூதலிங்கம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மானுக்கு ஒரு ரோடு போட்டார். ஒன்பதாம் காத்தாடிக்கும் பத்தாம் காத்தாடிக்கும் நடுவே, மலையிலிருந்து சுனைவரைக்கும் நாற்பதடி அகலத்தில் ஒரு பாதை. இரண்டு பக்கமும் முள் அடைத்தார். நடுவில் சிமெண்டுத் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றினார். தொட்டியடியில் உப்புக்கட்டி வைத்தார். பாதைக்குக் குறுக்கே பத்து இடத்தில் மணல் பரப்பினார். விடியவும் அந்தியிலும் நடந்துபோய் மணலில் விழுந்த குளம்படியை எண்ணி நோட்டில் எழுதினார். எண்ணியதும் மணலைச் சீப்புக்கட்டையால் இழுத்துச் சமன் செய்துவிட்டு வருவார். வெயில், முள், எதையும் பார்க்கவில்லை. கால் இரண்டும் கீறல்.

சித்திரை பத்தாம் தேதி அந்தியில் மணலை இழுக்காமலே ஓடிவந்தார்.

"முப்பிடாதி, உலை வைடே. நூற்று நாற்பது குளம்படி."

முப்பிடாதி மடத்துச் சமையல்காரன். ஐம்பது வயது. பெரிய உடம்பு. மடத்து வழக்கத்தால் எல்லாரையும்விட வாடியவன் அவன்தான். மூன்று கோடையாக அந்திச் சோறு இல்லாமல் இடுப்புக் கயிற்றை மூன்று தரம் இறுக்கியிருந்தான். கேட்ட கையோடு அரிசியைக் களைந்து போட்டான்.

சோறு கொதிக்கும்போது வடிவம்மை எழுந்து பாதைக்கு நடந்தாள். பூதலிங்கம் பின்னாலேயே போனார். முதல் மணல் இருக்கும் இடத்தில் குந்தினாள்.

"குளம்பு விரிஞ்சிருக்கு."

"ஆமாம்மா."

"முன்னங்கால் ஆழமா இறங்கியிருக்கு."

"ஆமா."

"புழுக்கை எங்க?"

பூதலிங்கம் சுற்றும் பார்த்தார். பத்து மணலுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு புழுக்கை இல்லை. புல் கடித்த தடம் இல்லை. தொட்டித் தண்ணீர் ஊற்றினபடியே இருந்தது.

"ஓடியிருக்கு," என்றாள். "பகல்ல பயந்து ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு."

"வந்ததே பெருசு இல்லையாம்மா?"

"உம்ம வீட்டுக்குள்ள நூறு பேரு முன்வாசல்ல பூந்து பின்வாசல்ல ஓடினா, வீட்டுல ஆளு குடியிருக்குன்னு சொல்லுவீரா?"

திரும்பி வந்தார்கள். முப்பிடாதி இலையைக் கழுவி வைத்திருந்தான். வடிவம்மை இலையைப் பார்க்காமல் படுக்கப் போனாள்.

"ஏன்?" என்றான் முப்பிடாதி.

"புழுக்கை இல்லை," என்றார் பூதலிங்கம்.

"புழுக்கை இல்லாததுக்கா என் சோறு போச்சு? நல்ல கணக்குவே உம்ம கணக்கு." சோற்றைத் தூக்கிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போனான். போகிற வழியில் பானையை மோந்து பார்த்துக்கொண்டான்.

பூதலிங்கம் விடவில்லை. கடுதாசி எழுத ஆரம்பித்தார். பழைய கம்பெனிக்கு, வன அலுவலகத்துக்கு, மந்திரிக்கு. கோடைக்கு மட்டும் குறுக்கு ரோட்டை அடைக்க வேண்டும் என்று கேட்டார். இருபத்தாறு கடுதாசி போயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. இன்னொரு பக்கம் உப்பைக் கூட்டினார். மணலைப் பத்திலிருந்து இருபதாக்கினார். அந்திக்கு ஒரு தரம் போனவர் இரண்டு தரம் போனார்.

ஒருநாள் குறுக்கு ரோட்டில் ஜீப்பை மறித்தார். டிரைவர் மைதீன்பிச்சை. அவர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன்தான்.

"மைதீன், நாளையிலிருந்து மடத்து வழியாச் சுத்திப் போ."

"எதுக்கு சார்?"

"மான் மிரளுது."

"அது நாலு கிலோமீட்டர் சுத்தில்ல?"

"நான் சொல்லுறேன்."

மைதீன்பிச்சை ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். பின்சீட்டில் இருந்த மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஒரு தடவை நான் சுத்தி வந்தேன்னு நீங்க எனக்கு மெமோ குடுத்தீய. ஞாபகம் இருக்கா சார்?"

பூதலிங்கத்துக்கு ஞாபகம் இருந்தது.

"இப்ப நீங்க ரிட்டயர்டு. வெயில் ஏறுது, இங்க நிக்காதீய, மயக்கம் வரும்." ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான். புழுதி இறங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்றைக்கு அவர் வடிவம்மையிடம் சொன்னார்: "நாளைக்கு ரோட்டுல குறுக்கே படுக்கப்போறேம்மா. ஏத்திட்டுப் போகட்டும்."

"படுத்தா?"

"வண்டி நிக்கும்."

"நின்ன வண்டியைச் சுத்தி நாலு பேரு கூடுவான். போலீஸ் வரும். பேப்பர்க்காரன் வருவான். மான் வந்து வேடிக்கை பாக்குமா?"

அவர் குளம்படி நோட்டை எடுத்து நீட்டினார்.

"நானும் ஒருநாள் விடாமப் போறேன். உப்பு வைக்கேன். தண்ணி ஊத்துறேன். எண்ணிக்கை கூடவே மாட்டேங்குது. குறைஞ்சுக்கிட்டே வருது. ஏம்மா?"

வடிவம்மை நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"சாப்பிட வாரும்," என்றாள்.

மத்தியானச் சோறு எந்த மாதமும் உண்டு. பூதலிங்கம் இலை முன்னால் உட்கார்ந்தார். முப்பிடாதி சோறு போட்டுச் சாம்பார் ஊற்றினான். வடிவம்மை எதிரே வந்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தாள். பென்சிலை எடுத்தாள்.

அவர் ஒரு வாய் வைத்தார். அவள் ஒரு கோடு போட்டாள்.

இரண்டாம் வாய். இரண்டாம் கோடு.

எழுந்தாள். அவர் முதுகுப் பக்கமாக வந்து தோளுக்கு மேலே குனிந்து இலையைப் பார்த்தாள். மூச்சு காதில் பட்டது. போய்த் திரும்ப உட்கார்ந்தாள். இலை ஓரத்தில் ஒரு குத்து உப்பு வைத்தாள். தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி கண்ணெடுக்காமல் வாயைப் பார்த்தாள்.

மூன்றாம் வாய் தொண்டையில் நின்றது. நாலாவதை அவசரமாக விழுங்கினார். இருமல் வந்தது. ஐந்தாவது இல்லை. இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏன் எந்திச்சீரு?"

"இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படிம்மா இறங்கும்?"

"உப்பு வச்சேன். தண்ணி ஊத்தினேன்."

பூதலிங்கம் எச்சில் கையோடு நின்றார். கை காய்கிற வரைக்கும் நின்றார். வடிவம்மை நோட்டை அவரிடம் கொடுக்கவில்லை. தன் பாயடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்தியில் அவர் புல்வெளிக்குப் போகவில்லை. மறுநாள் விடியலிலும் போகவில்லை. கால் தானாக வாசலுக்குப் போகும். இழுத்துக்கொண்டு திரும்புவார். நாற்பது வருஷம் ஓடின ஆள். உட்கார்வது அவருக்கு முள்ளில் நடந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இனி என்ன செய்யட்டும்மா?"

"சும்மா இரும். முடியலைன்னா முப்பிடாதிக்குப் பூண்டு உரியும்."

அடுக்களையில் போய் உட்கார்ந்து பூண்டு உரித்தார். முப்பிடாதி அவரையும் பூண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீரு இப்ப அங்க போறதில்லையே. பின்ன ஏன் இன்னும் மான் வரலை?"

"ஜீப்பு போகுதே."

"எப்ப எப்ப?"

"விடிய ஆறு. அந்தி ஆறு."

"அதுக்கு வேற வழி கிடையாதாக்கும்?"

"இருக்கு. நம்ம வாசல் வழி. சுத்து. வரமாட்டேங்கான்."

"ஏன்?"

"வந்தா அவனுக்கு என்ன கிடைக்கும்?"

முப்பிடாதி மேற்கொண்டு கேட்கவில்லை. அடுக்குப் பானையை இறக்கினான். உளுந்தை அள்ளி ஊறப் போட்டான்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?"

"எனக்குப் பசி. வேற என்ன விசேஷம் வேணும்? பூண்ட உரியும்வே."

அன்று அந்தியில் ஐந்தேமுக்கால் மணிக்கு மடத்து வாசலில் ஜீப்புச் சத்தம் கேட்டது. பூதலிங்கம் எட்டிப் பார்த்தார். மைதீன்பிச்சையும் ஷிப்டுக்குப் போகிற மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார்கள். முப்பிடாதி சட்டியோடு நின்றான்.

"அண்ணாச்சி, வடைன்னு நீய சொல்லி விட்டதும் வந்துட்டோம். சுக்குக் காப்பி குடிச்சு வருசமாச்சு," என்றான் மைதீன்பிச்சை.

"காலைலயும் உண்டுடே. ஷிப்டு முடிஞ்சு இறங்குறவனையும் கூட்டிக்கிட்டு வா. ஆறிப்போனா நான் பொறுப்பில்ல."

பூதலிங்கத்துக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருபத்தேழாவது கடுதாசியை எழுதினார். மறுநாள் விடியலில் ஜீப்பு வந்தது. அந்தியிலும் வந்தது. அதற்கடுத்த நாளும். ஜீப்புச் சத்தம் கேட்டாலே அவர் கதவைச் சாத்திவிடுவார்.

நாலாம் நாள் வடிவம்மையிடம் முறையிட்டார்.

"மடத்து உளுந்தை அள்ளி யாருக்குப் போடுறான் பாத்தீங்களா? மானை விரட்டுறவனுக்கு வடை. அதுவும் ரெண்டு வேளை."

"வாசல்ல வந்து நின்னவனுக்குக் குடுக்கான்."

"நீங்க கண்டிக்க வேண்டாமா?"

"நான் பசியில இருக்கேன்வே. சண்டை போடத் தெம்பில்ல."

முப்பிடாதி ஒருநாள் வடை சுட்டான். ஒருநாள் பணியாரம். ஒருநாள் சுண்டல். ஜீப்பு ஒருநாளும் தவறவில்லை. பூதலிங்கம் பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டார். அடுக்களைக்குள் காலே வைப்பதில்லை.

வைகாசி இருபத்திரண்டு. மத்தியானம் தபாலில் ஒரு கவர் வந்தது. கம்பெனியிலிருந்து. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' பூதலிங்கம் அதை நாலு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தார்.

அந்தி வந்தது. வடிவம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பூதலிங்கம் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

புல் அசைந்தது. ஒரு பெட்டை மான். காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பின. சுனைக்கு இறங்கி முழங்கால் மட்டும் தண்ணீரில் நின்று குடித்தது. தலை தூக்கிப் பார்த்தது. மறுபடி குடித்தது. பின்னால் மூன்று வந்தன. கடைசியில் ஒரு குட்டி, புள்ளி இன்னும் மங்கலாக. அவசரம் ஒன்றுக்கும் இல்லை. குடித்துவிட்டுக் கரையில் புல்லைக் கடித்தன. முதலில் வந்த பெட்டை முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, அங்கேயே படுத்துவிட்டது. வாய் மெல்ல அசைந்தது. அசை போட்டது.

அடுக்களை வாசலில் முப்பிடாதி கரண்டியைத் தூக்கின கையோடு நின்றான்.

மான்கள் எழுந்து புல்வெளிக்குள் போயின. மலைப்பக்கம் போகவில்லை. புல்லுக்குள்ளேயே தலை தெரிந்தது.

"சோறு போடு," என்றாள் வடிவம்மை.

இலை போட்டார்கள். அவள் முதல் கவளத்தை எடுத்தாள். மூன்று வருஷத்தில், கோடையில் முதல் அந்திச் சோறு. மெதுவாக மென்றாள். பூதலிங்கம் தன் இலையைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து வைத்தார்.

"கடுதாசிதாம்மா வேலை செஞ்சிருக்கு."

"பிரிச்சுப் படியும்."

படித்தார்.

"பரிசீலனைன்னா என்ன?" என்றாள்.

"யோசிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"அவன் யோசிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே மான் வந்துட்டே."

அவர் கவரைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் அங்க நடக்கிறதை நிறுத்தினதாலயா வந்துச்சு?"

"நீரு கெடுத்தது நின்னுச்சு. அவ்வளவுதான்."

"பின்ன ஜீப்பு?"

"எந்த ரோட்டுல போச்சு?"

"அங்க போகக்கூடாதுன்னு நான்தான் போறதில்லையே. எனக்கு எப்படித் தெரியும்?"

"பத்தொன்பது நாளா ரெண்டு வேளையும் அது எந்த வாசல்ல நின்னுச்சு?"

பூதலிங்கம் வாசலைப் பார்த்தார். வேப்பமரத்தடி மண்ணில் டயர்த் தடம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து கிடந்தது. குறுக்கு ரோடு இருந்த திக்கைப் பார்த்தார். ஆறு மணி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. அங்கே ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

அவள் பக்கம் திரும்பினார்.

"நாலு கிலோமீட்டர் சுத்த வச்சது யாரும்மா?"

வடிவம்மை இன்னொரு கவளத்தை உருட்டினாள்.

"முப்பிடாதி."